மிதக்கிற வண்டிக்கு ஆற்றைக் கடக்கத் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரிலும் நிலத்திலும் ஓடும் காட்டு வண்டிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சேறு, சதுப்பு, பனி, குளம் என்று எதையும் விடாமல் ஏறிப்போகும் வண்டி என்று எழுதியிருந்தது சரிதான், மறுப்பில்லை. ஆனால் நடுவில், வண்டி தானே மிதக்கும் என்பதால் ஆறு அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்கிற பொருளில் ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆறுகளில் நீரோட்டத்தை அளக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அளவு எடுக்கும் இடங்களுக்குப் பெரும்பாலும் பாதை இருக்காது. ஆறு சக்கரமோ எட்டுச் சக்கரமோ உள்ள இந்த வண்டிகளில்தான் கருவிகளை ஏற்றிக்கொண்டு போவோம். அதனால் வண்டியையும் எனக்குத் தெரியும், தண்ணீரையும் தெரியும். இரண்டில் எது பிடிவாதக்காரர் என்றும் தெரியும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லி நம்மை வளர்த்தார்கள். இந்த வண்டிக்கு ஆழம் பெரிய விஷயமில்லை. முழங்காலுக்குச் சற்று மேலே தண்ணீர் வந்ததும் மிதக்கத் தொடங்கும் வண்டி, பத்து ஆள் ஆழத்திலும் அப்படியேதான் மிதக்கும். கரையில் நின்று கேட்க வேண்டியது தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை.

ஏன் என்று சொல்கிறேன். தண்ணீரில் இந்த வண்டிகளை நகர்த்துவது டயர்கள்தான். டயரின் பற்கள் சுற்றிச் சுற்றித் தண்ணீரைப் பின்னால் தள்ளுகின்றன, வண்டி முன்னால் போகிறது. எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் இந்த ஏற்பாட்டில் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டருக்கு மேல் கிடைப்பது அரிது. ஆள் உயரத்தை எட்டும் டயர்களோடு வரும் ஷெர்ப் வண்டிக்கே தண்ணீரில் மணிக்கு 6 கிலோமீட்டர் என்றுதான் சொல்கிறார்கள். அதாவது நாம் சாதாரணமாக நடக்கிற வேகம். ஆறு இதைவிட வேகமாக ஓடுவது ஒன்றும் அதிசயமில்லை. மழைக்குப் பிந்தைய ஒரு சின்ன ஓடையே வினாடிக்கு 2 மீட்டர் போகும். அது மணிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே உங்கள் வண்டி முழு வேகத்தில் எதிர்த்து ஓடினாலும் பின்னோக்கித்தான் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. ஆறு 30 மீட்டர் அகலம். வண்டி தண்ணீரில் வினாடிக்கு 1.2 மீட்டர் போகிறது. மூக்கை எதிர்க்கரைக்கு நேராக வைத்தால் கடக்க 25 வினாடி. ஓட்டம் வினாடிக்கு அரை மீட்டர் என்றால் அந்த நேரத்தில் 12 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகக் கீழ்நோக்கி, அதாவது நீர் போகும் பக்கம், நகர்ந்திருப்பீர்கள். 1 மீட்டர் என்றால் 25 மீட்டர். 2 மீட்டர் என்றால் 50 மீட்டர். நீங்கள் இறங்கிய இடத்துக்கு எதிரே சரிவான நல்ல கரை இருக்கலாம். 50 மீட்டர் கீழே என்ன இருக்கிறது? நான் பார்த்தவரை ஓட்டுகிறவர்கள் எதிர்க்கரையைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள், கீழே நடந்துபோய்ப் பார்ப்பதில்லை.

ஓட்டத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கரையோரமாக 10 மீட்டர் அளந்து இரண்டு குறி வையுங்கள். மேல் குறிக்கு நேராக, நடு ஆற்றில் ஒரு குச்சியை எறியுங்கள். கீழ்க் குறியை அது தாண்டும்வரை வினாடிகளை எண்ணுங்கள். இருபது வினாடி எடுத்தால் வினாடிக்கு அரை மீட்டர், பத்து வினாடி என்றால் 1 மீட்டர், ஐந்து என்றால் 2 மீட்டர். ஒரு குச்சியோடு நிறுத்தாமல் ஓரத்திலும் நடுவிலும் வளைவின் வெளிப்பக்கத்திலும் எறிந்து பார்த்து, அவற்றில் எது வேகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் மேற்பரப்பு வேகத்தை ஏறத்தாழ 0.85 ஆல் பெருக்கித்தான் மொத்த நீரோட்டத்தைக் கணக்கிடுவோம், ஏனென்றால் அடியில் ஓட்டம் மெதுவாக இருக்கும். வண்டி ஓட்டுகிறவருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. வண்டி மேற்பரப்பில்தானே இருக்கிறது.

என் சொந்த அளவுகோல் இது, யாருடைய விதிமுறையும் இல்லை: இருபது வினாடிக்கு மேல் எடுத்தால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும் பட்சத்தில் இறங்குவேன். பத்துக்கும் இருபதுக்கும் இடையில் என்றால் கீழ்க்கரையில் கயிற்றோடு ஆள் நின்றால்தான் இறங்குவேன். பத்துக்குக் கீழே என்றால் எஞ்சினை அணைத்துவிட்டு வேறு வழி தேடுவேன். கையேடுகளும் பொதுவாக அமைதியான நீரைத்தான் மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கின்றன. வேகமான ஓட்டம் வேண்டாம் என்ற எச்சரிக்கை அவற்றில் இருக்கும். வாங்கிய அன்றே அந்தப் புத்தகம் இருக்கைக்கு அடியில் போய்விடுகிறது, என்ன செய்வது.

அடுத்தது, பலருக்குத் தெரியாத ஒன்று. இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரம் திரும்பாது. ஒரு பக்கச் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தி, மறுபக்கத்தை ஓடவிட்டுத்தான் திருப்புகிறோம். நிலத்தில் இது அருமையான ஏற்பாடு. தண்ணீரில் திருப்பும் ஒவ்வொரு முறையும் உங்கள் உந்துதலில் ஒரு பாதி போய்விடுகிறது. இழுப்பு வந்து மூக்கைத் தள்ளுகிறது, பயந்துபோய் கைப்பிடியை முழுக்க இழுக்கிறீர்கள், பாதிச் சக்கரங்கள் நின்றுவிடுகின்றன, வண்டி இன்னும் வேகமாக அடித்துக்கொண்டு போகிறது. இதைத் தவிர்க்க, இறங்கும்போதே மூக்கைக் கொஞ்சம் நீர் வரும் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியின் வேகத்தில் பாதிதான் ஆற்றின் வேகம் என்றால், மூக்கை 30 பாகை மேலே திருப்பி வைத்தாலே கீழே நகராமல் நேர் எதிரே போய்ச் சேரலாம், நேரமும் நாலைந்து வினாடிதான் கூடும். அப்புறம் வழியில் சின்னச் சின்னத் திருத்தங்கள் போதும். ஆற்றின் வேகம் வண்டியின் வேகத்தைத் தாண்டிவிட்டால் எந்தக் கோணமும் உங்களை அதே கோட்டில் நிறுத்தி வைக்காது.

இப்போது நான் உண்மையில் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். எல்லோரும் ஆற்றின் நடுவைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எனக்கு ஓரம்தான் பயம். முழு நிலத்தில் டயருக்குப் பிடி இருக்கிறது. முழு நீரில் மிதப்பு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், அரை மிதப்பில், சேற்றிலே ஒரு கால் ஆற்றிலே ஒரு கால் என்று நிற்கும் அந்தச் சில மீட்டர்களில் இரண்டுமே சரியாக இல்லை. ஓட்டம் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நீர் போகும் பக்கத்து டயர் ஒரு கல்லிலோ மணல் மேட்டிலோ முட்டி நிற்கிறது. தண்ணீர் நிற்காது. மேல்பக்க விளிம்பு, அதாவது நீர் வரும் பக்கத்து விளிம்பு, தாழ்கிறது, ஓட்டம் அதன்மேல் ஏறுகிறது, வண்டிக்குள் தண்ணீர் கொட்டுகிறது. கவிழ வினாடிகள் போதும்.

அந்த நேரத்தில் உடம்பு தப்பான பக்கம்தான் சாயும். கல் இருக்கும் பக்கத்திலிருந்து விலக வேண்டும் என்று தோன்றும். விலகினால் உங்கள் எடை முழுவதும் மேல்பக்க விளிம்பில் போய் விழும், அது இன்னும் அமிழும். எங்கள் குழுவில் ஒருமுறை இப்படி ஒரு சரளை மேட்டில் வண்டி முட்டியது. பின்னால் இருந்த இளைஞர் எழுந்து மேல்பக்கம் தாவப் பார்த்தார். ஓட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கல்லுப் பக்கம் சாயுடா!" என்று ஒரு கத்துக் கத்தினார். சாய்ந்தார்கள். மேல் விளிம்பு ஒரு கையளவு உயர்ந்தது, வண்டி மெல்ல நகர்ந்து விடுபட்டது. படகு ஓட்டுகிறவர்களுக்கு இது பாலபாடம். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, ஏனென்றால் வண்டி என்றுதானே விற்கிறார்கள்.

தண்ணீரின் தள்ளும் விசை வேகத்தின் இருமடிப்படி, அதாவது வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காக, கூடுகிறது. பக்கவாட்டில் 3 மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் ஆழமும் அமிழ்ந்த வண்டி ஒன்று அசையாமல் சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். ஓட்டம் வினாடிக்கு 1 மீட்டர் என்றால் ஏறத்தாழ 30 கிலோ எடைக்கு ஈடான தள்ளல். 2 மீட்டர் என்றால் 120 கிலோ. 3 மீட்டர் என்றால் 270. இரண்டு ஆள் இறங்கித் தள்ளினால் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும். வேகமான நீரில் 30 சென்டிமீட்டர் ஆழமே சிறிய கார்களை அடித்துக்கொண்டு போகும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை அடித்துக்கொண்டு போகும் என்று அமெரிக்க தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. காரையாவது அதன் எடை கொஞ்ச நேரம் தரையோடு பிடித்து வைக்கும். நம் வண்டி மிதப்பதற்கென்றே கட்டப்பட்டது. எவ்வளவு சுலபமாக மிதக்கிறதோ அவ்வளவு சுலபமாக ஆற்றின் கைக்குப் போய்விடும்.

கரையேறுவதும் இறங்குவதைப் போலவே சிக்கல். செங்குத்தான கரையில் முன்சக்கரங்கள் பிடித்து ஏறத் தொடங்கும்போது பின்பக்கம் அமிழும். பின் விளிம்பு நீர்மட்டத்துக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதை ஓட்டுகிறவர் பார்க்க முடியாது. பின்னால் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். ஓட்டம் இருந்தால் இன்னொன்றும் நடக்கும்: முன்பக்கம் கரையைப் பிடித்துக்கொள்ள, பின்பக்கத்தை ஆறு கீழே தள்ளி வண்டியைக் கரைக்கு இணையாகத் திருப்பிவிடும். அதனால் சரிவு குறைந்த, ஓட்டம் தளர்ந்த இடமாகத் தேட வேண்டும். வளைவின் உள்பக்கம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், மணல் தேங்கி, ஆழம் குறைந்து. வெளிப்பக்கத்தில் ஓட்டம் கரையை அரித்து வைத்திருக்கும், வேரின் பிடி போன மரங்கள் ஆற்றில் சாய்ந்து கிடக்கும்.

அந்த மரங்களைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஆற்றில் விழுந்து கிடக்கும் மரம் பார்க்கப் பிடித்துக்கொள்ள வசதியாகத் தெரியும். கிளைகளின் ஊடாகத் தண்ணீர் போய்விடும், வண்டியும் ஆளும் போக முடியாது. ஓட்டம் அங்கேயே அழுத்திப் பிடித்துவிடும். தடுப்பணையும் அப்படித்தான். மேலிருந்து பார்த்தால் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு மட்டும் தெரியும், சத்தமும் பெரிதாக இருக்காது. கீழே விழும் தண்ணீர் திரும்பச் சுருண்டு அணையை நோக்கியே வரும். மிதக்கும் பொருள் எதுவானாலும் அந்தச் சுருளில் மாட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். மிதப்பது அங்கே உதவாத ஒரு குணம். நீங்கள் கரையேற நினைக்கும் இடத்துக்குக் கீழே இந்த இரண்டில் ஒன்று இருந்தால், குச்சிக் கணக்கு என்ன சொன்னாலும் இறங்க வேண்டாம்.

எடை விஷயத்தைக் கட்டுரை தொடவே இல்லை. நிலத்தில் ஏற்றலாம் என்று எழுதியிருக்கும் எடை வேறு, நீரில் ஏற்றலாம் என்பது வேறு, இரண்டாவது எப்போதும் குறைவு. இந்த வகை வண்டிகளைச் செய்யும் ஆர்கோ நிறுவனத்தின் பல எட்டுச் சக்கர மாதிரிகளில் நிலத்தில் ஆறு பேர், நீரில் நான்கு பேர்தான். சேற்றுக்காகச் சக்கரங்களைச் சுற்றி ரப்பர் பட்டை மாட்டியிருந்தால் அந்த எடையையும் கழிக்க வேண்டும். வண்டிக்குள் புகுந்த தண்ணீரும் சுமைதான். 100 லிட்டர் புகுந்தால் 100 கிலோ, அதுவும் ஓரிடத்தில் இருக்காது, சாய்ந்த பக்கமெல்லாம் ஓடி அந்தச் சாய்வை இன்னும் கூட்டும். இறங்குமுன் அடித்தட்டின் வடிகால் அடைப்பான்கள் இருக்கின்றனவா, சக்கர அச்சு வெளியே வரும் இடத்தை அடைக்கும் ஆக்சில் சீல்கள் கசிகின்றனவா, தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓடுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளே தண்ணீர் ஏறி, எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டிரைவ் பெல்ட் நனைந்தால் பெல்ட் வழுக்கும். எஞ்சின் ஓடும், சக்கரம் சுற்றாது. ஒரு துடுப்பு வண்டியில் இருப்பது அன்றைக்குத்தான் நினைவுக்கு வரும். அது இருந்தால்.

கூரையும் சீட் பெல்ட்டும். 1999 மே 1 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாமில்டன் ஏரியில் மிஸ் மெஜஸ்டிக் என்ற சுற்றுலா நீர்-நில வண்டி மூழ்கி 13 பேர் இறந்தார்கள். சுழலும் தண்டு வெளியே வரும் துளையை மூடியிருந்த ரப்பர் உறை கழன்றதால் தண்ணீர் புகுந்தது. மேலே இருந்த கூரை ஆட்களை உள்ளேயே பிடித்து வைத்தது. தண்ணீர் புகுந்தாலும் மூழ்காத அளவுக்கு மிதப்பு வேண்டும், கூரையை எடுக்க வேண்டும் என்று அங்குள்ள தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அப்போதே சொன்னது. 2018 ஜூலை 19 அன்று மிசூரி மாநிலத்தில் டேபிள் ராக் ஏரியில் அதே வகை வண்டி புயல் காற்றில் மூழ்கியது. இருந்த 31 பேரில் 17 பேர் இறந்தார்கள். இரண்டுமே ஏரிகள். ஓட்டமே இல்லாத நீர். நம் சிறிய வண்டிகளுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: நீரில் இறங்குமுன் சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள், துணிக்கூரை இருந்தால் எடுத்துவிடுங்கள். மிதவை அங்கியை அணிந்து, கொக்கிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கயிறு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வண்டியைக் கரையில் ஒரு மரத்தோடு கட்டிவிட்டு ஆற்றில் விட்டால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். ஓட்டத்தில் கட்டப்பட்ட வண்டி கயிறு இறுகியதும் பக்கவாட்டில் திரும்பி அமிழும். ஆளின் இடுப்பில் கயிற்றைக் கட்டுவது அதைவிட மோசம். எறிகயிறு கரையில் நிற்கிறவர் கையில் இருக்கட்டும், ஒரு கத்தியும் அருகில் இருக்கட்டும்.

மீறி நீரில் விழுந்துவிட்டால் வண்டிக்கு நீர் வரும் பக்கமாக இருக்கப் பாருங்கள். வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டக் கூடாது. ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலாதீர்கள், கால் கற்களுக்கிடையே சிக்கினால் தண்ணீர் உங்களை மடக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீர் போகும் பக்கம் நீட்டி வைத்து, ஓரத்தை நோக்கிக் கைகளால் நகருங்கள். குளிர்ந்த நீர் என்றால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது, அதுவரை மட்டும் பொறுத்திருங்கள். கைகால் ஓரளவு சொன்னபடி கேட்பது அதற்குப் பின் பத்து நிமிடம் வரைதான். வண்டி போனால் போகட்டும்.

இன்னொன்று, தலைக்கு மேலே வெயில் அடிப்பதை நம்ப வேண்டாம். மழை எங்கோ மேலே பெய்திருக்கும், அணையில் மதகைத் திறந்திருப்பார்கள். தண்ணீர் திடீரெனக் கலங்கினால், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தால், கரையில் வைத்த கல் நனைந்தால் ஆறு ஏறுகிறது. காலையில் கடந்த இடத்தை மாலையில் மறுபடி அளக்க வேண்டும். இருட்டில் அளக்க முடியாது, அதனால் இருட்டில் கடக்கவும் கூடாது.

ஆசிரியர் அவர்களே, கட்டுரையோடு வந்த படத்தில் வண்டியில் மூன்று பேர் ஆற்றின் நடுவில் சிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். மிதவை அங்கிகள் பின்னால் சாமான்களோடு கிடக்கின்றன. அடுத்த முறை அவற்றை அணிந்திருப்பவர்களின் படத்தைப் போடுங்கள். வண்டியின் விவரப் பட்டியலில் குதிரைத்திறனுக்கும் எரிபொருள் கொள்ளளவுக்கும் கீழே, நீரில் ஏற்றக்கூடிய எடை, நீரில் ஏற்றக்கூடிய ஆட்கள், நீரில் வண்டியின் வேகம் என்று மூன்று வரி சேர்த்து அச்சிடுங்கள். குச்சி எறிந்து ஓட்டத்தை அளக்கும் முறையை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட விரும்பினால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீரோட்ட அளவையாளர் ஒருவர்